பேசித் தீர்க்க யாரிடம் போவது?

மனசு சரியில்லை, யாரிடமாவது போய்ப் பேசலாம் என்று முடிவெடுத்தவரை முதலில் குழப்புபவை பெயர்ப் பலகைகள். மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் மூவரும் ஒன்றல்ல.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர்; மாத்திரை எழுதுவார். கூட்டம் அதிகமுள்ள இடத்தில் அவரிடம் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்குப் பேச்சுதான் சிகிச்சை. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கவுன்சலர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். முறையாகப் படித்த அனுபவசாலியும் சில வார வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாத குரல் கேட்கிறது என்றால் நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். ஓயாத பதற்றம், கை கழுவிக்கொண்டே இருப்பது, பழைய காயங்கள் என்றால் சைக்காலஜிஸ்ட். துக்கம், தம்பதிச் சண்டை, பரீட்சை பயத்துக்கு நல்ல கவுன்சலரே போதும். மாத்திரையும் பேச்சும் சேர்ந்தே தேவைப்படுகிறவர்களும் நிறையப் பேர்.

அரசு மருத்துவமனையில் செலவில்லை. ஆனால் வரிசை நீளம், அடுத்த முறை வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். தனியாரிடம் நேரம் கிடைக்கும், காசு கரையும். ஆன்லைன் வசதிதான், அதற்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். ஹாலில் மாமியார் சீரியல் பார்க்கும் வீட்டில் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

முதல் அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி நேரம். கேள்விகளே அதிகம்: எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். துணைக்கு வந்த அம்மா உங்களுக்குப் பதில் தானே பேசத் தொடங்கினால், "நான் தனியா பேசணும்" என்று சொல்லிவிடுங்கள். சிகிச்சை விவரங்களைக் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை தருபவர்களின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு.

பேச்சுச் சிகிச்சையின் வகையிலும் வேறுபாடு உண்டு. சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) என்றால் வீட்டுப்பாடம் வரும். 'மேனேஜர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை' என்று நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் 'வேலை போகப்போகிறது' என்று ஓடிய எண்ணம்; அதற்கு எதிரே, அப்படி நினைக்க ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்குமா என்ற கேள்வி. ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய இந்த முறை பெரும்பாலும் சில மாதங்களில் முடிவது. குழந்தைப் பருவம் வரை தோண்டும் முறைகள் நீளும். பதற்றத்துக்கு முதலில் சி.பி.டி.யையே நான் சொல்வேன்.

சில அமர்வுகளுக்குப் பின் மனசு இன்னும் கனக்கலாம், அது வழக்கம்தான். நாலு முறை போயும் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பவரிடம் நாலு முறைகூட வேண்டாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.