கோடையில் பனி தேடிப் போகிறவர்களுக்கு

இந்த ஆடியில் என் பெறாமக்கள் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து சுவிசில் இருக்கும் செர்மாட்டுக்குப் பனிச்சறுக்கப் போகிறார்கள். லண்டனில் இருந்து மச்சான் குடும்பமும் வருகிறது. "பெரியப்பா, நீங்கள் அங்கே வேலை செய்த ஆள்தானே, என்ன செய்ய வேணும், என்ன செய்யக் கூடாது என்று எழுதித் தாங்கோ" என்று சின்னவள் கேட்டாள். செர்மாட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினொரு கோடைகாலம் நின்றவன் நான். பாத்திரம் கழுவப் போய், கடைசியில் சூப்புக்குப் பொறுப்பானேன். சறுக்கப் பழகியது நாற்பது வயதில். விழுந்து எழும்பியவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கோடையில் பனி கிடப்பது பனியாற்றின் மேல்தான். செர்மாட்டில் அது தியோடுல் பனியாறு. கேபிள் கார் போய் நிற்கும் கிளைன் மாட்டர்ஹோர்ன் 3,883 மீட்டர் உயரம். ஐரோப்பாவில் அதைவிட உயரமான கேபிள் கார் நிலையம் இல்லை. வருஷத்தில் 365 நாளும் சறுக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் 2022 ஆடி 25ஆம் திகதி சுவிசுக்கு மேலே, வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் உயரம் 5,184 மீட்டருக்கு ஏறிப் போனது. பக்கத்துப் பெரிய மலை மாட்டர்ஹோர்னின் உச்சியே 4,478 மீட்டர்தான். அந்த மாதக் கடைசியில் கோடைச் சறுக்கலை நிறுத்திவிட்டார்கள். 2022, 2023 ஆகிய இரண்டே வருஷத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஆகவே திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கி வைக்காதீர்கள். முதல் நாள் பின்னேரம் எந்தச் சரிவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. செர்மாட்டுக்குள் பெட்ரோல் கார் போக முடியாது. டேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு 12 நிமிஷ ரயில். பேர்னில் இருந்து வருகிறவர்கள் காரே எடுக்க வேண்டாம். லோட்ச்பெர்க் சுரங்கத்தின் வழியாக விஸ்ப் ஒரு மணி நேரத்துக்குள், அங்கே மாறினால் இன்னொரு மணி நேரம் சொச்சம். ஆறிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஜூனியர் கார்ட் எடுத்தால் அப்பா அம்மாவோடு ரயிலில் சும்மா வரலாம். காரில்தான் வருவோம் என்றால், டேஷில் காரைப் பூட்டும்போது கொடுத்த காசைக் கறக்கும் புத்தியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். ஏன் என்பதை அடுத்ததில் சொல்கிறேன்.

3. கோடைச் சறுக்கல் அரை நாள் வேலை. இரவில் உறைந்த பனி விடியற்காலையில் கண்ணாடி போலக் கிடக்கும். விழுந்தால் தோல் உரியும். ஒன்பது மணி வாக்கில் மேற்பரப்பு மட்டும் இளகிக் கொடுக்கும். அப்போது ஸ்கீ வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். பதினொன்றரை தாண்டினால் கரைந்த ஐஸ்கிரீம்தான். பந்தயக்காரர்கள் பழகும் பாதைகளில் பனியை இறுக்க உப்புத் தூவுவதைக் காண்பீர்கள். பிள்ளைகள் விளக்கம் கேட்டால் குல்பி செய்கிறவர் ஐசில் உப்புப் போடும் கதையைச் சொல்லுங்கள்: உப்புக் கொஞ்சப் பனியைக் கரைக்கும், கரைவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில் இருந்து உறிஞ்சும், பக்கத்துப் பனி இறுகிப்போகும். கயிறு கட்டிய அந்தப் பாதைகளுக்குள் நீங்கள் போகக் கூடாது.

பத்தரை, பதினொன்றுக்கு நிறுத்துங்கள். என் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, மத்தியானம் வரைக்கும் டிக்கெட் செல்லும், இன்னும் ஒருக்கால் போய் வருவோம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவள் களைத்துப் போயிருந்தாள், வேண்டாம் என்றும் சொன்னாள். சேற்றுப் பனியில் ஒரு ஸ்கீ புதைந்து நின்றது, உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. மெதுவாக விழுந்ததால் சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டுக் கழரவும் இல்லை. மீட்புக்காரர் சறுக்குக் கட்டிலில் படுக்க வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கடைசி ஓட்டத்துக்கு டிக்கெட் கணக்கில் எத்தனை பிராங்க் என்று பிறகு ஒரு நாள் வகுத்துப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

4. வாழ்க்கையில் ஸ்கீயே போடாதவர் தியோடுலில் முதல் அடி வைக்கக் கூடாது. உயரம் மூச்சை வாங்கும், அதோடு அங்கே மேலே இழுத்துப் போவது பெரும்பாலும் பியூகல் லிஃப்ட்தான். நங்கூரத்தைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு தடி, இரண்டு பேருக்கு ஒன்று. புதியவர்கள் அதில் இருக்கப் பார்ப்பார்கள். இருந்தால் விழுவீர்கள். நின்றபடியே, முழங்காலைத் தளர விட்டு, தடி பின்பக்கத்தைத் தள்ள விட வேண்டும். அப்பாவும் ஆறு வயது மகனும் ஒரே தடியில் போனால், அப்பாவுக்குத் தொடைக்குக் கீழே வரும் தடி மகனுக்கு முதுகில் நிற்கும். உயரம் ஒத்த இருவரைச் சேர்த்து அனுப்புங்கள். சின்னதுகளை ஆசிரியரிடம் விடுங்கள். பாதி வழியில் விழுந்தால் தடியை விட்டுவிட்டு உடனே பக்கத்தால் உருண்டு விலகுங்கள். பின்னால் ஆள் வருகிறது.

பழகுவதற்கு மாரியில் கிராமத்துச் சின்ன லிஃப்ட்கள் போதும். அதைவிட நல்லது பள்ளிக்கூடத்து ஸ்கீலாகர், அதாவது சறுக்கல் முகாம். எங்கள் காலத்தில் நாங்கள் பிள்ளைகளை விடவில்லை. பொம்பிளைப் பிள்ளை இரவில் வெளியே தங்குவதா, மாட்டிறைச்சி கொடுப்பார்களோ, காசு எங்கே என்று ஆயிரம் சாட்டு. வகுப்பு முழுக்க மலையில் நிற்க, எங்கள் பிள்ளை மட்டும் வேறு வகுப்பில் கணக்குச் செய்துகொண்டிருக்கும். கட்டாய முகாம்களுக்குப் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவைத்தான் வாங்கலாம், அதுவும் நாளுக்கு ஆகக் கூடியது 16 பிராங்க் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காசுச் சாட்டு இனிச் செல்லாது. விடுங்கள்.

லாகருக்குப் போன பிள்ளைதான் உங்களுக்கும் ஆசிரியர். முன் நுனிகளைச் சேர்த்துப் பின்னால் விரித்தால் 'பிட்சா', வேகம் குறையும். இரண்டையும் உருளைக்கிழங்குப் பொரியல் மாதிரி நேராக வைத்தால் 'பொம்மெஸ்', ஓடும். ஐம்பது வயதில் எட்டு வயதுப் பெடியன் "பிட்சா, அம்மப்பா, பிட்சா!" என்று கத்த இறங்கி வருவதில் ஒரு மானக்குறைவும் இல்லை.

5. வந்த அன்றே மேலே ஏறாதீர்கள். ஊர் 1,600 மீட்டரில் இருக்கிறது. ஒரு இரவாவது அங்கே படுத்து எழும்புங்கள். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 62 பங்குதான். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஒரு சிப்ஸ் பக்கெட் போதும்: கீழே தொளதொள என்று இருந்தது மேலே போக ஊதி வெடிக்கப் பார்க்கும். தலையிடி, குமட்டல், காரணமில்லாத சிணுங்கல் என்று எது வந்தாலும் மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. டிக்கெட்டைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தையை மேலே கொண்டுபோக வேண்டாம். என் வயதுக்காரர், இதய வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள். மற்றவர்களும் வழியில் ட்ரொக்கனர் ஸ்டெக்கில், 2,939 மீட்டரில், அரை மணி நேரம் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.

6. "நாங்கள் கறுப்பர், எங்களுக்கு வெயில் என்ன செய்யும்" என்பது எங்கள் ஆட்களின் பெரிய மூடநம்பிக்கை. ஆயிரம் மீட்டருக்குப் பத்து வீதம் என்று புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டு போகும். புதுப் பனி அதில் எண்பது வீதத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். வெயில் கீழேயிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு கிரீம் பூசுங்கள்: நாடிக்கு அடியில், மூக்குத் துவாரத்து விளிம்பில், காது மடலின் பின்னால். கறுப்புக் கண்ணாடி படம் எடுக்கவும் கழற்றக் கூடாது. என் தம்பி படத்துக்கென்று ஒரு மணி நேரம் கழற்றி நின்றான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரிக் கிடந்து குழறினான். கோட்டைக் கழற்றுவதும் அப்படித்தான்: சினிமாப் பாட்டில் சேலையோடு பனியில் ஆடுகிற பெண்ணுக்குக் கமராவுக்குப் பின்னால் கம்பளிக் கோட்டோடு ஆள் நிற்கும். உங்களுக்கு நிற்காது.

7. சப்பாத்து. வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். மேஸ் ஒன்றே ஒன்று, மெல்லியது; இரண்டு போட்டால் கால் இன்னும் குளிரும், ஏனென்றால் இரத்தம் ஓட இடமில்லை. காற்சட்டை நுனி சப்பாத்துக்குள் போகக் கூடாது. நிறை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்று கடைக்காரர் கேட்பது பூட்டு எவ்வளவு பலத்தில் கழர வேண்டும் என்று பார்ப்பதற்கு. அந்த இடத்தில் நிறையைக் குறைத்தோ பழக்கத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள். தலைக்கவசம் எல்லோருக்கும், அம்மம்மாவுக்கும்.

8. குறித்த பாதையை விட்டு ஒரு மீட்டரும் விலகக் கூடாது. பனியாற்றுக்குள் வெடிப்புகள் இருக்கின்றன; மேலே மெல்லிய பனிப் பாலம் மூடிக் கிடக்கும். 1986இல் காணாமல்போன ஒரு மலையேறியின் எச்சங்கள் 2023 ஆடியில் இதே தியோடுல் பனியாற்றில் வெளிப்பட்டன. அவர் தொலைந்தது நான் இந்த நாட்டுக்கு வந்த வருஷம். பிள்ளைக்கு மூத்திரம் வருகிறது என்றாலும் கயிற்றைத் தாண்டி ஒதுங்காதீர்கள். பாதைக்குள்ளேயும் ஒரு சட்டம்: முன்னால், கீழே போகிறவருக்கே முதல் உரிமை; மேலேயிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும்.

9. பின்னேரம் பிள்ளைகளுடையது. உண்மையைச் சொன்னால் என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது சறுக்கல் இல்லை, லைசே. சுன்னெகாவுக்குச் சுரங்க ரயிலில் ஏறினால் கீழே ஒரு சின்ன ஏரி. மணல், மரத்தோணி, இறங்கினால் கணுக்கால் விறைக்கும் தண்ணீர், எதிரே மாட்டர்ஹோர்ன். அங்கே துவாயை விரித்துப்போட்டுப் படுத்துவிடுங்கள். நடக்கக்கூடியவர்கள் ஐந்து ஏரிப் பாதையால் போகலாம். இரண்டரை மணி நேரம் என்று பலகை சொல்லும், எங்கள் ஆட்களுக்கு நாலு. இடி மின்னல் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும், மேகம் முட்டினால் இறங்குங்கள். மழை நாளுக்கு மாட்டர்ஹோர்ன் அருங்காட்சியகம்: 1865இல் முதன்முதலாக உச்சி தொட்ட ஏழு பேரில் நாலு பேர் இறங்கும்போது விழுந்தார்கள், அறுந்த கயிறு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆடி நடுவிலிருந்து ஆவணி நடு வரைக்கும் ஐந்து மணி வாக்கில் பெரிய தெருவில் நில்லுங்கள். முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளையாக ஆட்டு மந்தை ஒன்று நகைக்கடைகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு வரும். ஊரில் ஆடு வளர்த்த உங்கள் அம்மம்மாவுக்கு அந்த ஒரு காட்சிக்காகவே டிக்கெட் எடுத்திருக்கலாம்.

10. குசினிக்காரன் இதைச் சொல்லாமல் விட முடியாது. செர்மாட்டில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. சிவப்புப் புழுங்கல் அரிசி அரைவேக்காட்டில் நிற்கும், கடலை விடிய விடிய அவியும். குக்கர் கொண்டுபோங்கள், அல்லது இடியப்ப மாவும் பச்சையரிசியும். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டு மேலே போகாதீர்கள். பாணும் சம்பலும் கொஞ்சம், தண்ணீர் நிறைய. மேலே உணவகத்தில் சாப்பிட்டால் குடும்பத்துக்கு ஒரு கிழமைச் சாமான் காசு போகும். ஆனாலும் ஒரு நாள் பிள்ளைகளுக்கு அந்த உருகின சீஸ் ரொஷ்டியை வாங்கிக் கொடுங்கள்.

11. காப்புறுதி. ஒரு முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் அவர் மூலம் மூடப்படும். வீட்டில் இருப்பவர், பிள்ளைகள், பென்ஷன்காரர் தங்கள் கிராங்கன்காசேயில், அதாவது மருத்துவக் காப்புறுதியில், விபத்துப் பகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்படைக் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியை, வருஷத்துக்கு 5,000 பிராங்க் வரைக்கும்தான் கொடுக்கும். ஹெலிகொப்டர் வந்தால் அது போதாமல் போகலாம். செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் அடிக்க வேண்டிய இலக்கம் 144. லண்டன்காரருக்கு: பயணக் காப்புறுதியில் 'குளிர்கால விளையாட்டு' என்ற பகுதியை ஜூலை மாதம்தானே என்று வெட்டிவிடாதீர்கள். பனியில் விழுந்தால் மாதத்தைப் பார்க்க மாட்டார்கள்.

12. இறங்கும்போது பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் பனி அள்ளிக்கொண்டு வருவார்கள். தடுக்காதீர்கள். மூடியை இறுகப் பூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வர முன் பை நனைந்துவிடும். இறுகப் பூட்டினால் ட்ரொக்கனர் ஸ்டெக் தாண்டியதும் போத்தல் தானாக நசுங்கத் தொடங்கும். ஏன் என்று கேட்பார்கள். சிப்ஸ் பக்கெட்டை ஞாபகப்படுத்துங்கள்.