தொடுதல், அசைத்தல், பேசுதல்

யந்திரங்கள் மனிதனது குறிப்பறிந்து தொழில் செய்யுமாறு அமைத்தல் விஞ்ஞானத்தின் நெடுநாள் நோக்கங்களுள் ஒன்றாம். இக்காலத்துக் கைப்பேசி, விரலால் தொட்டாலும், கையால் அசைத்தாலும், வாயாற் பேசினாலும் நமது கருத்தை உணர்கின்றது. இம்மூன்றையும் விளக்கும் எளிய செயலி ஒன்றைக் கொண்டு, இவ்வழிகள் ஒன்றற்கொன்று துணையாமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹால் ஏபல்சன் முதலியோரது முயற்சியால், 'ஆப் இன்வென்டர்' என்னும் சாதனம் 2010-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது; பின்னர் அக்கழகமே அதனை ஏற்று நடத்தலாயிற்று. நிரல் எழுதிப் பழகாதவரும், கட்டைகளைப் பொருத்துவதுபோலக் கட்டளைகளைப் பொருத்தி, இதிற் செயலி அமைக்கலாம். இதன் தொடக்கப் பாடங்களுள் 'டாக் டு மீ' என்பது ஒன்று. பொத்தானைத் தொட்டால் கைப்பேசி ஒரு வாக்கியத்தைப் பேசும், குலுக்கினாலும் பேசும். இதனோடு நமது பேச்சை எழுத்தாக்கும் உறுப்பையும் சேர்த்தால் மூவழியும் நிறைவுறும்.

இனி, இவை நிகழுமாறு கூறுவாம். திரைக் கண்ணாடியின் கீழே கண்ணுக்குப் புலனாகாத மின்கடத்திகள் வலைபோற் பரந்துள்ளன. விரலும் மின்கடத்தியாதலின், அது நெருங்கிய இடத்தில் மின்தேக்கம் சிறிது வேறுபடும். அதுவே தொட்ட இடமெனக் கொள்ளப்படும். இவ்வகைத் திரையை 1965-ல் இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பார் விவரித்து வெளியிட்டார்.

அசைவை உணர்வது சிலிக்கனிற் செதுக்கிய நுண்ணியதொரு பளுவாகும். மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் நிற்கும் அது இடம்பெயரும் அளவைக்கொண்டு அசைவு கணிக்கப்படுகின்றது. கைப்பேசி மேசைமேல் வாளா கிடக்கும்போதும், புவியீர்ப்பின் காரணமாக 9.8 என்னும் எண்ணை ஒட்டியே அது காட்டும். குலுக்கினால் அவ்வெண் விரைந்து ஏறியிறங்கும்.

மூன்றனுள் அரியது பேச்சே. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்னும் சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. இவ்வேறுபாட்டை நாம் கல்லாமலே அறிவோம். யந்திரத்திற்கோ கற்பித்தல் வேண்டும். அன்றியும், எழுத்தில் 'இருக்கிறது' என்பது வாய்மொழியில் 'இருக்கு' என நிற்கும். ஏட்டுத் தமிழ் மட்டும் பயின்ற கருவி, ஊரார் பேச்சைக் கேட்டு மயங்குதல் இயல்பே.

இவற்றை விளையாட்டென்று எண்ணற்க. முத்துப்பேட்டையைச் சூழ்ந்த வயல்களில் நாற்று நடுவோர் கை, நீரும் சேறுமாயிருக்கும். நீரும் மின்தேக்கத்தை மாற்றுமாதலின், ஈரம் படிந்த திரை துளியை விரலென்று மயங்கும். அல்லது விரலையே உணராதொழியும். ஆண்டுத் தொடுதல் பயன்படாது. குலுக்கலும் பேச்சும் பயன்படும். அலையாத்திக் காட்டை அடுத்த காயலிலோ நிலைமை வேறு. இயந்திரப் படகின் இரைச்சல் பேச்சை விழுங்கும். படகின் ஆட்டமே குலுக்கலெனத் தோன்றவுங் கூடும். ஆண்டுப் பெரிய பொத்தான் ஒன்றே துணையாகும். ஒரு வழி அடைபட்டவிடத்து மற்றொரு வழி திறந்திருத்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

எழுத்தறியாதார்க்குப் பேச்சு எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் புதுவையை அடுத்த வீராம்பட்டினம் சான்றாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அப்பகுதியிற் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கணினி வழியே கிடைத்த அலை உயரச் செய்தி, அவ்வூரில் ஒலிபெருக்கியாற் கரையெங்கும் அறிவிக்கப்பட்டது. கணினியில் எழுத்தாய்க் கிடந்தவரை அச்செய்தி சிலருக்கே உரியது. ஒலியான பின்னரோ, கடலுக்குச் செல்வார் யாவர்க்கும் பொதுவாயிற்று. உயிரைக் காக்கும் செய்தி படிப்பறிவுக்குக் காத்திருத்தல் தகுமோ?

ஆதலின், செயலி அமைக்கப் புகும் மாணவ நண்பர்கள், அதனை மேசைமேல் வைத்துச் சோதித்த அளவில் மனநிறைவு கொள்ளற்க. நாற்றங்காலிற் கை நனைந்தவரிடமும், படகில் துடுப்பு ஏந்தியவரிடமும், எழுத்தறியாத பாட்டியாரிடமும் அதனைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அவர்கட்கு அது செவிசாய்க்குமாயின், நமது கல்வி பயனுடையதாயிற்று என்று மகிழலாம்.