டேங்க்கில் நல்ல தண்ணீர்தான், குடத்துக்கு வருவதற்குள்?

ஊர்த் தண்ணீர்க் குழுவில் பேர் கொடுத்தாயிற்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் என்று பயிற்சி தந்து, கையில் சோதனைப் பெட்டியும் கொடுத்துவிட்டார்கள். உலை வைக்கவே நேரமில்லை, இதில் இது வேறயா என்று முணுமுணுக்காதே தங்கச்சி. எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால் வேலை பாதியாகிவிடும்.

1. எல்லோரும் மேல்நிலைத் தொட்டியையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீ தரையைப் பார். தண்ணீர் வேகமாக வரவில்லை என்று வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்களே, பாதி வம்பு அங்கேதான். சப்ளை நின்றதும் லைன் காலியாகி உள்ளிழுக்கும். குழியில் தேங்கிய சோப்புத் தண்ணீர், கோழி எச்சம் எல்லாம் திறந்த குழாய் வாய் வழியே உள்ளே போகும். மறுநாள் அது பக்கத்து வீட்டுக் குடத்தில் வரும். குழியை மூடு. குழாயைத் தரைக்கு மேலே ஏற்று. திருகு இல்லாத குழாய்க்குத் திருகு போடச் சொல். தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வரும், வரட்டும்.

2. லைனில் நேரே மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் அதே கதைதான், இன்னும் மோசம். விரிசல் விட்ட குழாய் சாக்கடையோரம் போனால், மோட்டார் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்.

3. பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் கொட்டாதே. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள். அரை மணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் அவசரப்படுவார், விடாதே. வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையில் வீரியம் இருக்காது. அதைப் போட்டுவிட்டு "குளோரின் போட்டாச்சு" என்று நிம்மதியாகத் தூங்காதே.

4. குளோரின் சோதனையைத் தொட்டிக்கடியில் செய்வது சோம்பேறித்தனம். கடைக்கோடித் தெருவின் கடைசிக் குழாயில் செய். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அங்கே இருந்தால் அதே லைனில் உள்ள மற்ற தெருக்களுக்குப் பெரும்பாலும் அலைய வேண்டியதில்லை. பார்த்தாயா, நேரமும் மிச்சம்.

5. கிருமி பார்க்கும் பாட்டிலின் மூடிக்குள் விரல் படக்கூடாது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தண்ணீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கே ஊராட்சிக்குச் சொல், எல்லோரையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல். கறுத்த பாட்டிலில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிவிட்டுத்தான் கொட்ட வேண்டும். குழந்தை கைக்கு எட்டும் ஜன்னலில் வைக்காதே.

6. கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று நினைக்காதே. கிருமி சாகும், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு பழைய தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்.

7. வீட்டில்: மூடி போட்ட குடம், பிடி நீண்ட கரண்டி. சொம்போடு கையையும் முக்கினால் மேலே சொன்ன பாடெல்லாம் வீண்.

8. தொட்டி கழுவிய தேதி, சோதனை முடிவு எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும்போது அதை எடுத்துக்கொண்டு போ; வாய்ப்பேச்சைத் தட்டிவிடுவார்கள், தேதி போட்ட நோட்டைத் தட்ட முடியாது. குழி மூடத் தீர்மானம் கேட்கப் போகிறாயென்றால், முதல் நாளே உன் மாமியார் வீட்டு வாசல் குழியை மூடிவிட்டுப் போ. எதிர்வீட்டுக்காரி முதலில் அதைத்தான் கேட்பாள்.