செல்வி அப்படிப் பேச மாட்டார்

அருவங்காடு, நீலகிரி

டாக்டர் தம்பிக்கு,

தம்பி எழுதிய பயிற்சி நாடகம் வந்து சேர்ந்தது. பயிற்சி டாக்டர்களும் நர்சிங் மாணவிகளும் ஆளுக்கொரு வேடம் ஏற்று, நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கான நாடகம். இந்தக் கலையைக் குறிப்பெடுத்துக் கற்க முடியாது, பேசி, தடுமாறி, மறுபடி பேசித்தான் கற்க வேண்டும் என்பதில் தம்பிக்கும் இந்தக் கிழவிக்கும் சண்டை கிடையாது. ஆகவே நேராக எரிச்சலுக்கு வந்துவிடலாம்.

எரிச்சல் செல்வியால் வந்தது.

செல்விக்கு வயது நாற்பத்தைந்து. பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சுகர் இருப்பதாக இன்றுதான் தெரியவருகிறது. உடனே அவர் கேட்கிறார்: "இந்த மருந்துக்குப் பக்க விளைவுகள் ஏதேனும் உண்டா, டாக்டர்?" அடுத்து, தம்பி குறித்துவைத்த இடத்தில் அழுகிறார். பயிற்சி டாக்டர் தோளைத் தொட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது எனக்குத் தெளிவாகப் புரிகிறது" என்கிறார். இந்தச் செல்வி எந்த லைன் வீட்டில் இருக்கிறார்? குன்னூர், கோத்தகிரி, கூடலூர், சேரம்பாடி என்று மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். தம்பிக்குத் தோதான நோயாளியைத் தம்பியே செய்துகொண்டிருக்கிறார்.

நிஜச் செல்வி, சுகர் என்று சொன்னதும் டாக்டரைப் பார்க்க மாட்டார். கூட வந்த மகனின் முகத்தைப் பார்ப்பார். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்கும்போது அவர் மனம் பாதிநாள் கூலியில் இருக்கும். எல்லாம் முடிந்து, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கதவருகே போனபின் திரும்பி, "அட்டை கடிச்சாக்கூடத் தெரிய மாட்டேங்குதுங்க, காலு மரத்துப்போச்சு" என்பார். அன்றைய முக்கியமான செய்தி அதுதான். தம்பியின் நாடகத்தில் அந்தக் கதவே இல்லை.

வேடம் போட்ட நோயாளியை மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்த ஹோவர்ட் பாரோஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். 1963இல் லாஸ் ஏஞ்சல்ஸில், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ரோஸ் மெக்வில்லியம்ஸ் என்ற பெண்ணை, நரம்பு நோயால் கால் விளங்காமல் போன ஒரு நோயாளியாக இருக்கப் பழக்கினார். எந்தத் தசை அசையாது, எந்த இடத்தில் தொட்டால் தெரியாது, வாழ்க்கையில் என்ன கவலை என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். அதனால் மாணவர் எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் பதில் வந்தது. மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்று பிறகு எழுதிக்கொடுத்ததும் அதே பெண்தான். சக மருத்துவர்கள் பலர் இதைக் கூத்து என்று கேலி செய்தார்கள். இன்று மருத்துவத் தேர்வுகளிலேயே நடிப்பு நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பியின் செல்வியாக நடிக்கப்போவது இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி. கையில் வசனத் தாள்.

இங்கே கிழவியின் பழைய பாட்டு ஒன்றைத் தம்பி கேட்டுத்தான் ஆக வேண்டும். குன்னூர் வட்டாரத்தில் இதைக் கேட்டுச் சலிக்காதவர்கள் குறைவு. நோயாளி வேடத்துக்கு எஸ்டேட் அக்காக்களை அழைக்க வேண்டும். சும்மா அல்ல, ஒருநாள் கூலி கொடுத்து.

இந்தப் பாட்டு பிறந்த கதை இது: 1970களின் தொடக்கத்தில், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் 'லிங்க் ஒர்க்கர்' என்று ஒரு பொறுப்பு. லைன் வீட்டிலேயே குடியிருந்து, மற்றவர்களோடு வேலை செய்கிற தொழிலாளி ஒருவர், அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குத் தடுப்பூசி, கர்ப்பகாலம், குழந்தை வளர்ப்பு, குடும்பக் கட்டுப்பாடு பற்றியெல்லாம் எடுத்துச் சொல்வார். வெளியிலிருந்து வந்து சொன்னால் யாரும் காதில் வாங்காத விஷயங்கள் அவை.

அந்தக் காலத்தில் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இளம் நர்ஸ் ஒருத்தி இருந்தாள். (தம்பி யூகித்திருப்பார்.) ஸ்டார்ச் போட்ட தொப்பியும் படிப்பின் மிடுக்குமாக, லிங்க் ஒர்க்கர்களுக்கு வகுப்பெடுக்கப் போனாள். அவள் பேசிய வரை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஓர் அக்கா எழுந்து, "சிஸ்டர், நான் மாமியாரா உக்காந்துக்கிறேன், நீங்க எங்கிட்ட சொல்லிப் பாருங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மருமகளுக்கு அடுத்த குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்ல வேண்டும். அந்த மாமியார் வெற்றிலை மென்றார், பேரனை அதட்டினார், கேள்வியைக் காதில் வாங்காததுபோல் மழையைப் பற்றிப் பேசினார், கடைசியில் "உனக்குக் கலியாணம் ஆச்சாம்மா?" என்று கேட்டார். சுற்றிலும் சிரிப்பு. வேடத்தைக் கலைத்தபின் அதே அக்கா, எந்த இடத்தில் மாமியாருக்குக் கோபம் வந்தது, எந்த இடத்தில் கொஞ்சம் இளகியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனுபவவழிக் கற்றல் என்ற பெயரெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. டேவிட் கோல்ப் அதைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டது 1984இல்தான்.

கோல்ப் என்றதும் இரண்டாவது எரிச்சல். அனுபவம், திரும்பிப் பார்த்தல், பொருள் காணல், மறுபடி செய்து பார்த்தல் என்ற அவருடைய வட்டத்தைத் தம்பி முதல் பக்கத்திலேயே அழகாக வரைந்திருக்கிறார். கால அட்டவணையோ வேறு கதை சொல்கிறது: நடிப்பு இருபது நிமிடம், கருத்துரை ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்திலும் முதலில் பேசுவது பேராசிரியர். அப்புறம் மதிப்பெண் தாள்: 'வணக்கம் சொன்னாரா', 'கண்ணைப் பார்த்தாரா', 'பரிவு காட்டினாரா' என்று கட்டம் கட்டமாக. செல்வியாக நடித்தவருக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அங்கே நடந்ததெல்லாம் யாருக்கு நடந்ததோ அவரை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூடி என்ன பேசுவார்கள்? பேராசிரியர் வாயைத் திறந்தபின் எந்த மாணவி உண்மையைச் சொல்லப் போகிறாள்?

2019இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு 'ஏட்காம்' என்ற பெயரில் மனப்பாங்கு, நெறி, பேச்சு மூன்றும் பாடமாயின. அது வந்ததில் கிழவிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாடம் என்றானதும் லாக் புக் வரும், கையெழுத்து வரும், கட்டங்கள் வரும். 'பரிவு காட்டினாரா' என்ற கட்டத்துக்காகவே தோளைத் தொடும் பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. முன்பின் தெரியாத இளம் ஆண் டாக்டர் தோளைத் தொட்டால், கொழுந்துக்காட்டுப் பெண் ஆறுதல் அடைய மாட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்.

கட்டம் கட்டாயம் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போதும்: நோயாளி சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாரா? 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கிட்டார். 1999இல் வேறொரு குழு பார்த்தபோது அது 23 நொடி. அந்த இரண்டாவது ஆய்வில்தான் இன்னொரு கணக்கும் வந்தது. குறுக்கிடாமல் விட்ட நோயாளிகள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக ஆறே நொடிகள். ஓ.பி.யில் நேரமில்லை என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் இந்த ஆறைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

இவ்வளவு திட்டியபின் ஏழாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். சாப்பாட்டு முறையை டாக்டர் விளக்க, செல்வி திரும்பத் திரும்பச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். டாக்டர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்துகிறார். நர்ஸ் மெல்ல, "கடைசி பஸ் நாலரைக்கா அக்கா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், பக்கம் முடிகிறது. இந்த மலையில் பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவரால்தான் இதை எழுத முடியும். பேச்சுப் பயிற்சிக்கென்று வெளியூர்களில் அச்சான தடித்தடி கையேடுகளில் இதற்கு ஈடாக ஒரு பக்கம் இந்தக் கிழவி பார்த்ததில்லை. தம்பி ஏதோ நினைவில் எழுதிவிட்டு, அதன் அருமை தெரியாமலே எட்டாம் பக்கத்துக்குப் போய், செல்வியை மறுபடி பாடப்புத்தகமாக்கிவிட்டார். நாடகம் முழுவதும் அந்த ஏழாம் பக்கத்தின் ரத்தம் ஓடியிருக்க வேண்டும்.

அடுத்த நாடகத்துக்குக் கதை தேடினால், கூடலூருக்கே போகலாம். இந்தியாவில் அரிவாள் அணு ரத்த நோயின் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷும் 1952இல் அதை எழுதினார்கள். பரம்பரையாக வரும் நோய். தாயும் தந்தையும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் இருவரிடமிருந்தும் சேர்ந்துதான் பிள்ளைக்கு வந்தது என்று, யார் மீதும் பழி விழாமல் எப்படிச் சொல்வது? தம்பி இதற்கு வசனத் தாள் எழுதிப் பார்க்கட்டும். 1987இல் கூடலூரில் கிராமச் சுகாதாரப் பணியைத் தொடங்கிய டாக்டர்கள் தேவதாசனும் ரூபாவும், 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையை வளர்த்த ஷைலா தேவியும் நந்தகுமார் மேனனும் பழங்குடிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். நோயாளியின் சொந்தக்காரியே வெள்ளை உடையில் நிற்கும்போது பேச்சு எப்படி மாறுகிறது என்பதைத் தம்பி ஒரு நாள் வார்டில் உட்கார்ந்து கேட்டு வரலாம்.

நாடகத்தைத் திருத்தும்போது, மதிப்பெண் தாளை எடுத்துவிட வேண்டும். கருத்துரைக்கு நடிப்பைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும், அதில் முதல் பேச்சு செல்வியுடையதாக இருக்க வேண்டும். எஸ்டேட் அக்காக்கள் நாலு பேரை அழைத்து வருவது இந்தக் கிழவியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் அவர்களுக்கு வேண்டும், ஆகவே பயிற்சி வேலை நாளில்தான். அன்றைய கூலியும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கல்லூரி கொடுக்க வேண்டும். அதை முதல்வரிடம் கேட்டு வாங்குவது தம்பியின் வேலை.