ஊர் தேடி வரும் நீதிமன்றம்

வாய்க்கால் நீரைப் பாய்ச்சும் முறை குறித்து உழவர் இருவரிடையே பூசல் எழுகிறது. வழக்குத் தொடுப்பதற்கு நகரத்திற்குச் செல்ல வேண்டும். செல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வேலை கெடுகிறது. வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நீள்கிறது. முடிவில், நீரால் விளையும் பயனைவிட வழக்குச் செலவே மிகுதியாகிறது. இதனால் ஏழை மக்கள் பலர், தம் பக்கம் நியாயம் இருந்தும் நீதிமன்றத்தை நாடாமலே இருந்துவிடுகின்றனர்.

பொருள் வசதி இன்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பது நம் அரசமைப்புச் சட்டத்தின் 39அ உறுப்பு காட்டும் நெறியாகும். இது 1976ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. சிற்றூர் மக்களுக்கெனத் தனி நீதிமன்றங்கள் வேண்டும் என்று 1986ஆம் ஆண்டு இந்தியச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அதன் பயனாக 2008ஆம் ஆண்டு கிராம நியாயாலயச் சட்டம் இயற்றப்பட்டது. காந்தியடிகளின் பிறந்த நாளாகிய 2009 அக்டோபர் 2 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

இந்நீதிமன்றத்தின் நடுவர் 'நியாயாதிகாரி' எனப்படுகிறார். உயர் நீதிமன்றத்துடன் கலந்து மாநில அரசு அவரை அமர்த்துகிறது. தமக்குத் தொடர்புடைய வழக்கை அவர் விசாரித்தல் கூடாது. அவர் தமக்குரிய எல்லையில் உள்ள ஊர்களுக்குச் சென்று, வழக்காடுவோர் வாழும் இடத்திற்கு அருகிலேயே விசாரணை நடத்த வேண்டும். விசாரணை நடக்கும் நாளையும் இடத்தையும் மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும்.

கிணற்று நீர், வாய்க்கால், மேய்ச்சல் நிலம் ஆகியவை பற்றிய வழக்குகள் இங்கு விசாரிக்கப்படும். ரூ.20,000க்கு மிகாத பொருள் திருட்டு, கூலி வழங்காமை முதலிய குற்றங்களும் விசாரிக்கப்படும். உரிமை வழக்கிற்கான கட்டணம் ரூ.100க்கு மிகாது. இவ்வழக்குகளில் முதலில் இரு தரப்பினரிடையே இணக்கம் காண முயல வேண்டும். இணக்கம் ஏற்படாவிடில், ஆறு மாதங்களுக்குள் வழக்கை முடிக்க வேண்டும். தீர்ப்பின் படி இரு தரப்பினருக்கும் கட்டணமின்றித் தரப்படும்.

விசாரணையும் தீர்ப்பும் இயன்றவரை, ஆங்கிலம் அல்லாத மாநில ஆட்சி மொழியில் அமைய வேண்டும் என்பது மற்றொரு விதியாகும். தம்மைப் பற்றிய தீர்ப்பைத் தாமே படித்து உணர்தல் மக்களின் உரிமையன்றோ? பிழைப்பை நாடி வேறு மாநிலம் சென்று வாழ்வோர் தாய்மொழியைப் பேணுவதோடு அம்மாநில மொழியையும் கற்பது, தம் உரிமைகளைக் காத்துக்கொள்ளத் துணைபுரியும்.

ஆயினும், இந்நீதிமன்றங்கள் நாடெங்கும் அமைந்துவிடவில்லை. மாநில அரசு இவற்றை 'அமைக்கலாம்' என்றே சட்டம் கூறுகிறது. 'அமைக்க வேண்டும்' எனக் கூறவில்லை. சட்டத்தில் ஒரு சொல்லுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு இதுவே சான்றாகும். விதிகள் ஏட்டில் இருத்தல் மட்டும் போதாது. அவை நடைமுறைக்கு வரும்போதுதான் எளியோருக்கு நீதி கிடைக்கும்.

அருஞ்சொற்பொருள்

பூசல் – சண்டை
வாய்தா – வழக்கு விசாரணைக்குக் குறிக்கப்படும் நாள், தவணை
நெறி – வழி
இணக்கம் – உடன்பாடு
எளியோர் – வறியவர், வலிமையற்றவர்

பயிற்சி

1. ஏழை மக்கள் நீதிமன்றத்தை நாடத் தயங்குவது ஏன்?
2. நியாயாதிகாரி பின்பற்ற வேண்டிய விதிகள் இரண்டினை எழுதுக.
3. 'அமைக்கலாம்', 'அமைக்க வேண்டும்' – இவற்றின் பொருள் வேறுபாட்டை விளக்கி, இவ்வாறு முடியும் சொற்களைக் கொண்டு இரண்டு தொடர்கள் எழுதுக.
4. நீவிர் வாழும் மாநிலத்தின் ஆட்சி மொழி யாது? அதனை அறிந்திருப்பதால் விளையும் நன்மைகளை ஐந்து வரிகளில் எழுதுக.