கணினி மணிக்கூடு பிழையான நேரத்தைக் காட்டுதல்: காரணங்களும் தீர்வுகளும்

உங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் வலையமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். செயற்றிட்ட அறிக்கையை முதற் கணினியில் எழுதுகிறீர்கள். மறுநாள் அதன் பிரதியை இரண்டாவது கணினியில் திருத்துகிறீர்கள். இரண்டாவது கணினியின் மணிக்கூடு ஒரு வாரம் பிந்தியிருந்தால், திருத்திய கோப்பே பழையது போலத் தோன்றும். திகதியை நம்பி அதனை அழித்தால் உழைப்பு வீணாகும். ஆகவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

1. கணினி நேரத்தை அறியும் முறை

தாய்ப்பலகையில் மெய்ந்நேர மணிக்கூடு ஒன்று உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். கணினி அணைந்திருக்கும்போது 3 வோல்ற்று பொத்தான் மின்கலம் இதனை இயக்கும். கணினி தொடங்கும்போது பணிசெயல் முறைமை இந்நேரத்தை வாசிக்கும். இணைய இணைப்பு இருப்பின், நேரச் சேவையகத்துடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். இதற்கான நடப்பொழுங்கு வலையமைப்பு நேர நடப்பொழுங்கு (என்ரீபி) ஆகும். இது யூடிபி துறை 123 ஐப் பயன்படுத்தும்.

2. பிழையின் அளவிலிருந்து காரணத்தை அறிதல்

(அ) அணைத்து மீண்டும் இயக்கியதும் திகதி பல ஆண்டுகள் பின்செல்லல்: மின்கலம் தீர்ந்துவிட்டது. புதியது மாற்றுக.

(ஆ) மாதத்திற்குச் சில செக்கன்கள் முதல் ஒரு நிமிடம் வரை விலகல்: பளிங்கின் இயல்பு. நேர ஒத்திசைவை இயக்குக.

(இ) சரியாக 30 நிமிடம் முந்தியிருத்தல்: நேர வலயப் பிழை. 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் சர்வதேச நேரத்திலும் 6 மணித்தியாலம் முந்தியிருந்தது. பின்னர் அது 5 மணி 30 நிமிடமாக மாற்றப்பட்டது. இற்றைப்படுத்தப்படாத பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இலங்கை வலயம் +6.00 ஆகவே இருக்கும். +5.30 வலயத்தைத் தெரிவுசெய்க.

(ஈ) விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ள கணினியில் 5 மணி 30 நிமிட வித்தியாசம்: லினக்ஸ் தாய்ப்பலகை மணிக்கூட்டில் சர்வதேச நேரத்தையும், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வைப்பது வழக்கம். இரண்டையும் ஒரே முறைக்கு அமைக்குக.

கவனிக்க: வலயம் பிழையாக இருக்கையில் மணியை மட்டும் கையால் மாற்றினால், அடுத்த ஒத்திசைவின்போது பிழை திரும்பவும் வரும். முதலில் வலயம், பின்னர் திகதி, இறுதியில் ஒத்திசைவு என்பதே சரியான ஒழுங்கு. வித்தியாசம் மிகப் பெரிதாயின் சில விண்டோஸ் பதிப்புகள் தாமாகத் திருத்த மாட்டா. அப்போது திகதியைக் கையால் சரிசெய்த பின்னரே ஒத்திசைக்க வேண்டும்.

3. வலையமைப்பில் சோதித்தல்

ஒரு கணினி மட்டும் பிழையாயின், காரணத்தை அக்கணினியிலேயே தேடுக. எல்லாம் ஒரே அளவு பிழையாயின், அவை பொதுவாக நேரம் பெறும் இடத்தைச் சோதிக்குக. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு விலகியிருப்பின், எதுவும் ஒத்திசையவில்லை எனலாம். தீச்சுவர் துறை 123 ஐத் தடுக்கின்றதா எனப் பார்க்குக.

4. மாதிரி வினா

ஒரு கணினியைக் காலையில் இயக்கியதும் ஆண்டு 2009 எனக் காட்டுகிறது. இணைய உலாவி பாதுகாப்பான தளங்களைத் திறக்க மறுக்கிறது. அதே வீட்டின் மற்றைய கணினி சரியாக இயங்குகிறது. காரணத்தை விளக்குக.

விடை: மற்றைய கணினி இயங்குவதால் இணைய இணைப்பில் பிழையில்லை. ஆண்டு பின்சென்றமையால் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்திருக்கலாம். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி 2009 இல் இருப்பதாகக் கருதுவதால், அச்சான்றிதழ்கள் இன்னும் தொடங்காதவை எனக் கொண்டு உலாவி மறுக்கின்றது. மின்கலத்தை மாற்றி, திகதியைத் திருத்தி, ஒத்திசைக்க வேண்டும்.

"மின்கலத்தை மாற்றுக" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். வினா காரணத்தையே கேட்கிறது. அதனை ஒழுங்காக விளக்கினாலே விடை முழுமையாகும்.