பின் ஆக்ஸிலுக்கு எந்த கியர்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 1989 மஸ்டாங், 5 லிட்டர் வி8. அதிலிருக்கும் ஏஓடி ஆட்டோமேட்டிக்கை இறக்கிவிட்டு, டி5 என்கிற ஐந்து கியர் மேனுவலை ஏற்றப் போகிறாய். பெடல், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஒரு நண்பன் 3.73 போடு என்கிறானாம், இன்னொருவன் 4.10க்குக் குறைந்தால் வண்டியே இல்லை என்கிறானாம். "எதைப் போடட்டும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் போடாதே என்பதுதான் என் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், பேனாவை எடுத்துக்கொள்.

3.73 என்பது பல் கணக்கு. பினியனில் 11 பல், கிரவுனில் 41 பல். 41ஐ 11ஆல் வகுத்தால் 3.73. அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 4.10இல் 10க்கு 41, 3.27இல் 11க்கு 36. எண் பெரிதானால் இழுவை கூடும், இன்ஜினும் அதிகம் கத்தும். எண் சிறிதானால் நெடுஞ்சாலையில் அமைதி, கிளம்பும்போது சோம்பல். இதுவரை உன் நண்பர்களுக்கும் தெரியும். அவர்கள் விட்டுவிட்டது, இந்த எண் தனியாக வேலை செய்வதில்லை என்பதை. கியர்பாக்ஸின் எண்ணோடு பெருக்கித்தான் இதைப் பார்க்க வேண்டும்.

உன் ஏஓடியின் முதல் கியர் 2.40. பின்னால் 3.27 இருந்தால் இரண்டையும் பெருக்க 7.85. பார்க்கக் குறைவுதான். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து நகரும் அந்தக் கணத்தில் அது இன்ஜினின் முறுக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும், வேகம் பிடிக்கப் பிடிக்க அந்த உதவி கரைந்துவிடும். அதனால்தான் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் சின்ன எண்ணைப் போட்டும் கம்பெனிகள் தப்பித்தன. மேனுவலில் அந்த உபகாரம் கிடையாது. கிளட்ச் முறுக்கைப் பெருக்காது, கடத்த மட்டும் செய்யும். பிடிக்கும் வரை வழுக்கித் தேய்வதும் அதுதான்.

அந்த இழப்பை டி5 தன் முதல் கியரிலேயே ஈடுகட்டுகிறது. அது 3.35. அதே 3.27 ஆக்ஸிலோடு பெருக்கினால் 10.95. ஆக்ஸிலில் கை வைக்காமலே முதல் கியரின் மொத்த விகிதம் 7.85இலிருந்து கிட்டத்தட்ட 11க்கு வந்துவிட்டது. தெருவில் ஓடும் வி8 மேனுவலுக்கு 10 முதல் 11 வரை வந்தால் போதும் என்பது பழகியவர்களின் கணக்கு, என் கணக்கும் அதுவே. 9க்குக் கீழே போனால் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச்சை வழுக்கவிட்டே கிளம்ப வேண்டும். 13ஐத் தாண்டினால் முதல் கியர் இருந்தும் இல்லாத மாதிரி. 4.10 போட்டுப் பார்: 3.35ஆல் பெருக்க 13.74. உன் டயர் 225/60 ஆர்15, உயரம் சுமார் 25.6 அங்குலம். 5,000 ஆர்பிஎம்மில் முதல் கியர் மணிக்கு 28 மைலிலேயே முடிந்துவிடும். 3.27இல் 35 மைல் வரை வரும். கூட்டமான ஊருக்குள் இந்த 7 மைல் வித்தியாசத்தை உன் இடது கால் நன்றாக உணரும்.

இனி டாப் கியர். ஆர்பிஎம் கண்டுபிடிக்கச் சூத்திரம் எளிது: மைல் வேகத்தை 336ஆல் பெருக்கு, ஆக்ஸில் எண்ணாலும் ஓடும் கியரின் எண்ணாலும் பெருக்கு, டயரின் அங்குல உயரத்தால் வகு. ஏஓடியின் நான்காவது 0.67, டி5இன் ஐந்தாவது 0.68. ஏஓடி நான்காவதில் கன்வர்ட்டரை விட்டுவிட்டு நேரடி ஷாஃப்ட் வழியே ஓடுகிறது, ஆக அங்கே வழுக்கலும் இல்லை. எனவே நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் மாற்றத்தால் நீ பெறுவதும் இழப்பதும் ஏதுமில்லை. 70 மைலில் 3.27க்கு 2,040 வாக்கில் ஓடும். 3.55க்கு 2,220, 3.73க்கு 2,330, 4.10க்கு 2,560. ஹூஸ்டனிலிருந்து சான் ஆன்டோனியோவுக்கு மூன்று மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்கப் போவது நீதான், உன் நண்பர்கள் அல்ல.

ஃபோர்டு ஏன் அந்தக் காலத்தில் 2.73 போன்ற எண்ணையெல்லாம் போட்டது என்று கேட்பாய். 1974இல் அமெரிக்கா முழுவதற்கும் 55 மைல் வேக வரம்பு வந்தது. அடுத்த ஆண்டு எரிபொருள் சிக்கனச் சட்டமும் வந்தது. இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நல்ல மைலேஜ் எண் காகிதத்தில் கிடைத்தது. இந்த 5 லிட்டர் இன்ஜினும் அதற்கு ஒத்துழைத்தது. இதன் உச்ச முறுக்கு 3,200 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது, கீழ்ச் சுற்றிலேயே பலசாலி. மேலே கத்தவிட்டுத்தான் வேலை வாங்க வேண்டிய இன்ஜினுக்குப் பொருந்தும் எண் இதற்குத் தேவையில்லை.

இன்னொன்று. செகண்டுக்கு மாற்றும்போது ஆர்பிஎம் ரொம்ப விழுகிறது, பெரிய எண் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. டி5இல் 3.35இலிருந்து 1.99க்கு விழும் அந்தப் பள்ளம் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. 5,000இல் மாற்றினால் சுமார் 2,970க்கு விழும். பின்னால் எதைப் போட்டாலும் அப்படித்தான் விழும்.

கியர்பாக்ஸ் மாறினால் கணக்கும் மாறும். ஆறு கியர் டி56இன் ஒரு வகையில் முதல் கியர் 2.66, ஆறாவது 0.50. அதற்குப் பின்னால் 3.73 போட்டாலும் முதல் கியரின் மொத்தம் 9.92தான், 70 மைலில் 1,710 ஆர்பிஎம்தான். அங்கே 3.73 நியாயமான தேர்வு. அந்த வண்டிக்காரரின் எண்ணை டி5க்காரன் கடன் வாங்கக் கூடாது. டயரும் அப்படியே. 28 அங்குல உயர டயர் மாட்டியவரின் 3.73, உன் டயரில் 3.41 போட்டதற்குச் சமம்.

எனவே முதலில் உன் ஆக்ஸிலில் என்ன இருக்கிறது என்று பார். கதவோரத்து ஸ்டிக்கரில் குறியீடு இருக்கும், ஆனால் முப்பது வருடத்துக்கு மேலான வண்டியில் யார் எதை மாற்றினார்கள் என்று ஸ்டிக்கருக்குத் தெரியாது. முன் சக்கரங்களுக்கு அடை வைத்து, வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வை. ஷாஃப்ட்டிலும் டயரிலும் சாக்பீஸால் கோடு போடு. லிமிடெட் ஸ்லிப் ஆக்ஸிலாக இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணு. சாதாரண ஆக்ஸிலாக இருந்தால் ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 3.27. மூன்றுக்குக் கீழே, இரண்டே முக்காலுக்குப் பக்கத்தில் வந்தால் 2.73.

2.73 என்றால் மாற்று, 3.55 வாங்கு. அதற்குப் பல் 11க்கு 39, முதல் கியரின் மொத்தம் 11.9. வாரக் கடைசியில் டிராக்குக்குப் போகிறவனாக இருந்தால் மட்டும் 3.73 பற்றிப் பேசுவோம். மாற்றும் வேலையை நீயே செய்யாதே. பினியன் ஆழத்துக்கு ஷிம் வைப்பதும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ப்ளே விடுவதும், பல்லில் பெயின்ட் தடவி அச்சுப் பார்ப்பதும் அனுபவக் கை கேட்கும் வேலை. தப்பினால் ஊளையிட்டுக்கொண்டே ஓடும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முனையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கியரையும் கூடவே மாற்றச் சொல், இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்லும்.

3.27 என்றால் ஆக்ஸில் மூடியைத் திறக்காதே. டி5ஐ ஏற்றி இரண்டு மாதம் ஓட்டு. ஆக்ஸிலுக்கு எடுத்து வைத்த பணத்தில் நல்ல டயராக நான்கு வாங்கு. எண்ணிப் பார்த்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா